ஆறாயிரம் அடி

மலைச்சாலை அளவை முகாம்
மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

ஒரு வருஷத்துக்கு அப்புறம் என் கையெழுத்தைப் பார்க்கிறாய். கிழித்துப் போடுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தையாவது படித்துவிடு. இங்கே போன் எடுக்காது. எடுத்தாலும் என் குரல் கேட்டதும் நீ வைத்துவிடுவாய். வெள்ளிக்கிழமை சாமான் லாரி வரும்; அதில்தான் தபால் வரும், போகும்.

தங்கச்சி எழுதியிருந்தாள். பஸ் டிரைவர்களுக்கான உடல்தகுதிச் சோதனையில் உனக்குச் சர்க்கரை எகிறிவிட்டதாம். சீட்டிலிருந்து இறக்கி, டிப்போ உதிரிபாகக் கவுன்ட்டரில் உட்காரவைத்துவிட்டார்களாம். ஜூன் மாதம் இன்னொரு சோதனை; அதிலும் தேறாவிட்டால் பஸ் பக்கமே போக முடியாதாம். ஒன்பதாம் வகுப்பில் மூடி போட்ட டிபன் டப்பாவை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டு வாயால் ஹாரன் அடித்தவன் நீ. பக்கத்தில் உட்கார்ந்து காது வலித்தவன் நான். அதனால் எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் டாக்டர் இல்லை. ஆனால் முப்பது வருஷமாக மலையேறி அளக்கிறேன், உடம்பில் ஒரு பிடி சதை கிடையாது. அந்தத் தகுதியில் சொல்கிறேன். தினம் ஆறாயிரம் அடி நட. அது ஒன்றும் பெரிய தூரம் இல்லை, ஆரம்பத்துக்கு அது போதும், ஆனால் ஒரு நாளும் விடாதே. சோற்றைப் பாதியாக்கு, தட்டில் காலியாகிற இடத்தில் காய்கறியை வை. டீயில் சர்க்கரையை நிறுத்து. மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தாதே.

போன வருஷ விருந்தில் நான் சொன்னது விளையாட்டுக்கு. "மாப்பிள்ளை எங்க பஸ் ஓட்டுறாரு, அவர் வயிறுல்ல ஓட்டுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரிப்பாய் என்றுதான் நினைத்தேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாய். அதில் அவ்வளவு கோபப்பட என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மச்சான்


மார்ச் 14

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் அங்கே நலமாகவும் ஒல்லியாகவும் இருப்பது அறிந்து மகிழ்ச்சி.

என் உடம்பைப் பற்றி என் மனைவி தங்களுக்கு எழுதியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தபால்தலையை ஒளித்து வைத்திருப்பேன். என்றாலும் விவரம் அரைகுறையாகப் போய்ச் சேரக் கூடாது என்பதால் சொல்கிறேன். வெறும் வயிற்றில் பார்த்தபோது இருநூற்று அறுபது. மூன்று மாதச் சராசரி என்று ஒன்று பார்க்கிறார்கள், அது பத்தரை. அது எட்டுக்குக் கீழே வந்தால்தான் சீட்டாம். முன்பெல்லாம் சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் பட்டினி கிடந்து தப்பித்துவிடுவோம். இந்தச் சராசரியிடம் அது பலிக்காது. நேற்று என்ன தின்றாய் என்று கேட்காது, மூன்று மாதமாக என்ன தின்றாய் என்று கேட்கும்.

இப்போது நான் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். மெக்கானிக் வந்து சீட்டு நீட்டுவான், நான் போல்ட்டை எடுத்துக் கொடுப்பேன். என் முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் அலமாரி. எதிரே வண்டிகள் புறப்பட்டுப் போகும். இருபத்தேழு வருஷம் ஓட்டினவன், யாரோ ஓட்டிக்கொண்டு போகிற சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றத் தெரியாதவன் என்று கண்டுபிடித்து, உட்கார்ந்த இடத்தில் பல்லைக் கடிக்கிறேன்.

தங்கள் ஆலோசனை எனக்குத் தேவையில்லை. பந்தியில் என்னைப் பார்த்துச் சிரித்தவர் என் தட்டில் எவ்வளவு சோறு என்று அளக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவர்

பி.கு: ஆறாயிரம் அடி என்பது காலையிலா, மாலையிலா? நான் கேட்கவில்லை. உங்கள் தங்கை கேட்கச் சொன்னாள்.


மார்ச் 20

மாப்பிள்ளை,

தாங்கள், தங்கள், தங்கள் தங்கை! படித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பென்சிலைக் கடித்தவர்கள் நாம். நீ "டேய்" என்று திட்டி எழுதியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இந்த மரியாதைதான் வலிக்கிறது.

தங்கச்சிக்குப் பதில்: காலையில் பாதி, சாயங்காலம் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம். சாப்பிட்டு முடித்ததும் கொஞ்ச தூரம் நடந்தால் சர்க்கரை ஏறாது என்று இங்கே வருகிற மருத்துவர் ஒருமுறை சொன்னார். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு நட.

இன்னொன்று. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவனைத் தேடி டீ தானாக வரும். எத்தனை கிளாஸ் என்று எண்ணு. நிறுத்தச் சொல்லவில்லை, முதலில் எண்ணு.

மச்சான்


ஏப்ரல் 11

மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் என்னைக் கொல்லத்தான் திட்டம் போட்டிருக்கிறீர்கள் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

டீயை எண்ணினேன். எட்டு கிளாஸ். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பதினாறு ஸ்பூனையும் ஒரு காகிதத்தில் கொட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தக் காகிதத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். இப்போது இரண்டு கிளாஸ், சர்க்கரை இல்லாமல். முதல் வாரம் மருந்துபோல இருந்தது. இரண்டாவது வாரம் டீ போல இருந்தது. டீக்கடைக்காரர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நடை விஷயத்துக்கு வருகிறேன். டிப்போ முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் நானூறு அடி. ஆறாயிரத்துக்குப் பதினைந்து சுற்று. எண்ணிக்கை விட்டுப்போகிறது என்று கவுன்ட்டரிலிருந்து பதினைந்து நட்டு எடுத்துச் சட்டையின் இடது பையில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை வலது பைக்கு மாற்றுவேன். மூன்றாம் நாள் வாசல் காவலர் பிடித்துக்கொண்டார். "என்னண்ணே, இருபத்தேழு வருஷ சர்வீஸ், கடைசில நட்டுத் திருடுறீங்க?" என்றார். விளக்கிச் சொல்லி, அவரையும் ஒரு சுற்று நடக்கவைத்துக் காட்டியபிறகுதான் விட்டார். இப்போது அவரும் கூட வருகிறார். அவருக்கும் வயிறு உண்டு.

ஆனால் என் முட்டி! இரண்டு முட்டியும் வீங்கிப் பன் மாதிரி இருக்கின்றன. மாடிப்படி இறங்கும்போது பக்கவாட்டில் நண்டு இறங்குவதுபோல இறங்குகிறேன். "அது ஒன்றும் பெரிய தூரம் இல்லை, ஆரம்பத்துக்கு அது போதும்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அந்த வரியை உங்கள் தங்கையிடம் தினமும் வாசித்துக் காட்டுகிறேன்.

சாப்பாட்டில் ஒரு தப்பும் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். மெக்கானிக் ஒருவர் ஓய்வு பெற்றார், கேக் வெட்டினார்கள். வேண்டாம் என்று நல்ல பிள்ளையாகச் சொன்னேன். எல்லாரும் போனபிறகு டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு மூன்று துண்டு தின்றேன். யாரும் பார்க்கவில்லை. சராசரி பார்த்திருக்கும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 17

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை லாரி பக்கத்தில் நின்றபடியே படித்தேன். "ஒரு சுற்று நானூறு அடி" என்ற இடத்தில் சந்தேகம் வந்தது. உங்கள் டிப்போ முற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். முப்பது பஸ் நிற்கிற இடம் அது. சுற்றளவு எப்படி நானூறு அடியாகும்? தொள்ளாயிரத்துக்குக் குறையாதே என்று யோசித்தேன். அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நான் சொன்ன அடி, பன்னிரண்டு அங்குல அடி! டேப்பில் இருக்கிற அடி! முப்பது வருஷமாக என் வாயில் அடி என்றால் அது ஒன்றுதான். நீ உன் காலடியை எண்ணியிருக்கிறாய். நான் உனக்குச் சொன்னது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. நீ நடந்துகொண்டிருப்பது நான்கு கிலோமீட்டருக்கு மேல். இருபத்தேழு வருஷமாகப் பஸ் ஏறி இறங்குவதைத் தவிர நடையே இல்லாத முட்டியை வைத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்தே! மன்னித்துக்கொள். உடனே பாதியாக்கு. முட்டிக்கு ஒரு வாரம் ஓய்வு கொடு, டாக்டரிடம் காட்டு.

எங்கள் முகாம் சமையல்காரரிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "சார், நல்ல வேளை நீங்க சங்கிலின்னு எழுதல" என்றார். எங்கள் அளவையில் சங்கிலி என்பதும் ஒரு நீளக் கணக்கு.

சிரிப்பு அடங்கியபிறகு யோசித்துப் பார்த்தேன். முட்டி வீங்கினாலும் நிறுத்தாமல் மூன்று வாரம் நடந்திருக்கிறாய், அதுவும் நான் சொன்னேன் என்பதற்காக. அப்படியானால் நீ என்னை வெறுக்கவில்லை. பிறகு ஏன் அந்த ஒரு பேச்சு உனக்கு அப்படிச் சுட்டது? பள்ளிக்கூடத்தில் அதைவிட மோசமாகக் கிண்டல் செய்திருக்கிறேன். நீயும் விட்டதில்லை. நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்.

மச்சான்


மே 2

டேய்,

பாதியாக்கவில்லை. ஒரு வாரம் நிறுத்தினேன், முட்டி டாக்டர் சொன்னபடி காலைத் தூக்கி வைத்து ஒத்தடம் கொடுத்தேன். பிறகு நாலு சுற்றிலிருந்து ஆரம்பித்து மறுபடி பதினைந்துக்கு வந்துவிட்டேன். தப்பான கணக்காகவே இருக்கட்டும், உடம்பு அதற்குப் பழகிவிட்டது. ஆறு கிலோ குறைந்திருக்கிறேன். பேன்ட்டின் இடுப்பை உன் தங்கச்சி இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்தாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். நான் கவனிக்காததுபோல இருந்தேன்.

நேராகக் கேட்டாய். சொல்கிறேன். இது உன் தங்கச்சிக்கும் தெரியாது.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியான டிரிப். வண்டி நிறைய ஆள். சந்தைப் பக்கம் திரும்புகிற வளைவில் என் கண் மங்கியது. இருட்டவில்லை. கண்ணாடியில் யாரோ எண்ணெய் தடவின மாதிரி எல்லாம் வழிந்துபோய்விட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, மூன்று நொடியா, நான்கா. காலே பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி நின்றது. பார்வை திரும்பினபோது முன்னால் ஒரு பெண் இரண்டு கையிலும் பையோடு நின்றுகொண்டிருந்தாள். பம்பருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்க இடம் இல்லை. அவள் என்னைத் திட்டிவிட்டுப் போனாள். கண்டக்டர், "என்னண்ணே, நாயா?" என்றான். ஆமாம், நாய் என்றேன்.

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. விருந்துக்கு வந்து உட்கார்ந்தேன். நீ வாய் திறந்து, அவர் எங்க பஸ் ஓட்டுறாரு என்றாய். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்டா. நீ கிண்டல் செய்தது வயிற்றை. எனக்குக் கேட்டது வேறு. எழுந்து போகாமல் இருந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

அதற்கப்புறமும் ஒரு வருஷம் ஓட்டினேன். இதை எழுதுவதற்குக் கை கூசுகிறது. இன்னும் இரண்டு தடவை அப்படி வந்தது. மெதுவாக ஓட்டினால் போதும், தண்ணீர் குடித்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதனையில் இறக்கிவிட்டபோது வெளியே கோபப்பட்டேன். உள்ளே ஒரு மூலையில் அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் எனக்கு அந்த சீட் வேண்டும். இரண்டும் உண்மை.

சரி, நீ என்ன சாப்பிடுகிறாய்? எனக்குத் தட்டு போட்டுக் கொடுத்தாயே, உன் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. நீ கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்தாய்? உன்னையும் நேராகக் கேட்கிறேன்.

நான்தான்


மே 8

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன்.

என்னை மன்னித்துவிடு. சும்மா விளையாட்டுக்கு என்று போன கடிதம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். விளையாட்டுதான். ஆனால் இரண்டு நாளாகச் சாப்பிடாத ஒருவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், அவன் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் எனக்கு அதுகூடத் தெரியவில்லை என்றால் என் கண்ணும் மங்கல்தான்.

சோதனை வரைக்கும் காத்திருக்காதே. கண் டாக்டரைப் பார். தங்கச்சியிடம் சொல்.

என் சாப்பாடு: காலையில் டீ, பிஸ்கட். மத்தியானம் மேட்டில் இருப்போம், கீழே இறங்கி ஏற நேரமாகும், அதனால் டீ, பிஸ்கட். சாயங்காலம் டப்பாவில் அடைத்த ஏதாவது ஒன்றும் ஊறுகாயும் சோறும். உப்பு தூக்கலாகத்தான் இருக்கும், இந்தக் குளிருக்கு அதுதான் நாக்கில் ஏறுகிறது. சமையல்காரர் காய் நறுக்கிப் போடுவார், நான் ஒதுக்கி வைப்பேன். கருவியில் கண்ணை வைத்துவிட்டு நிமிரும்போது சில நாள் தலை கிறுகிறுக்கும். ஒரு கல்லில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். உயரமான இடம், வயசும் ஆகிறது, வேறென்ன.

ரத்தச் சோதனை என்று எதுவும் தேவைப்படவில்லை. நடக்கிறவனுக்கு எதற்கு?

மச்சான்


ஜூன் 5

மச்சான்,

உன் சாப்பாட்டுப் பட்டியலை உன் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "எங்கண்ணன் புதர வெட்டி வெட்டி மலைய அளக்குறாரு, ஒரு கேரட் வெட்டித் தின்னத் தெரியல" என்றாள். உங்கள் சமையல்காரருக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறாள். பிரித்துப் படிக்காதே, நேராக அவர் கையில் கொடு. நீ ஒதுக்கினால் எங்களுக்கு எழுதச் சொல்லியிருக்கிறாள்.

ஒல்லியாக இருந்துவிட்டால் நோய் வாசலோடு திரும்பிப் போய்விடும் என்று உனக்கு யார் சொன்னது? தலை கிறுகிறுத்தால் கல்லில் உட்காருகிறாயாம். நான் தண்ணீர் குடித்தேனே, அதே கதைதான் இது. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைக் கையில் கட்டிக் காற்றடிக்க ஐந்து நிமிஷம் ஆகாது.

இங்கே வீட்டில் ஒரு மாற்றம். முதலில் உன் தங்கச்சி எனக்கு மட்டும் நோயாளிச் சாப்பாடு என்று தனியாகச் செய்தாள். எனக்கு எதிரிலேயே அவள் பழையபடி சாப்பிடுவாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அவள் எரிந்து விழுவாள். ஒரு நாள் ஒன்றுமே சொல்லாமல் இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி வைத்தாள். பாதித் தட்டுக் காய், ஒரு கை சோறு, பருப்பு, முட்டை. அன்றிலிருந்து அது நோயாளிச் சாப்பாடு இல்லை, சாப்பாடு. அவளுக்கும் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது.

சோதனை இருபத்திரண்டாம் தேதி. வீட்டில் குத்திப் பார்த்தால் நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபது என்று வருகிறது. தேறிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எனக்கு வேறொரு பயம். அந்தப் படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு. "கடந்த இரண்டு ஆண்டுகளில் பார்வை மங்கல், மயக்கம் ஏற்பட்டதுண்டா?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கண்டக்டர் சொன்னான், "எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு இல்லைன்னு போடுறதுதாண்ணே. ஆம்னு போட்டா கையோட இறக்கிருவாங்க." போன தடவை நானும் இல்லை என்றுதான் போட்டேன். கண் டாக்டரிடமும் போகவில்லை. உன் தங்கச்சியிடமும் சொல்லவில்லை. போனால் சீட் போய்விடும் என்ற பயம்தான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

மூன்று மாதம் இத்தனை பாடுபட்டு, எண்ணெல்லாம் சரியாக வந்து, ஒரு கட்டத்தில் கோடு போட்டு எல்லாவற்றையும் இழப்பதா? இப்போது மங்கல் வருவதே இல்லை. என்ன போடட்டும்? நீ சொன்னால் அதன்படி செய்கிறேன்.

மாப்பிள்ளை


ஜூன் 12

மாப்பிள்ளை,

சமையல்காரர் சீட்டைப் படித்ததிலிருந்து எனக்குக் காவல் நிற்கிறார். தட்டைக் காட்டினால்தான் டீ.

நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. சொல்லத் தெரியாமல் இல்லை. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று இப்போது கேட்காதே. உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய். எதைச் செய்தாலும் நான் உன் பக்கம்.

மச்சான்


ஜூன் 25

மச்சான்,

இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதி நான் பார்த்ததில்லை. திட்டிக்கொண்டே போனேன் சோதனைக்கு.

எடை பதினொரு கிலோ குறைவு. வெறும் வயிற்றில் நூற்றுப் பதினான்கு. சராசரி ஏழு புள்ளி இரண்டு. டாக்டர் பழைய காகிதத்தையும் புதுக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "என்ன மருந்து மாத்தினீங்க?" என்றார். "அதே மருந்துதான் சார். அடியிலதான் ஒரு குழப்பம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்துவைத்தார்.

பிறகு படிவத்தை நீட்டினார். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். பேனா "இல்லை"யின்மேல் போய் நின்றது. வாசலில், கூட வந்திருந்த கண்டக்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில் நான் ஒன்றும் பெரிதாக யோசிக்கவில்லை. மூன்று மாதமாகத் தட்டை ஏமாற்றவில்லை, சுற்றை ஏமாற்றவில்லை, தின்ற கேக்கைக்கூட உனக்கு எழுதிவிட்டேன். இதில் மட்டும் பொய் எழுதக் கை வரவில்லை. அவ்வளவுதான். ஆம் என்று கோடு போட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு யாரும் ஆம்னு போட மாட்டாங்களே" என்றார். "மூணு தடவை சார். பஸ்ல நாற்பது பேர் இருந்தாங்க" என்றேன்.

அன்றைக்கே கண் மருத்துவமனை. கண்ணுக்குள்ளே, பின்பக்கம், சின்னச் சின்னதாக ரத்தம் கசிந்திருக்கிறது. சர்க்கரை வருஷக்கணக்காகச் செய்த வேலையாம். ஒளிக்கதிர் வைத்து அடைக்கலாம், நல்ல கட்டத்தில் வந்திருக்கிறீர்கள், இப்படியே விட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. இரண்டு தடவை சிகிச்சை. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்து, அப்புறம்தான் சீட்டைப் பற்றிப் பேசுவார்களாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆக, எல்லாவற்றிலும் தேறிவிட்டு மறுபடி போல்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் கவுன்ட்டரில் உட்கார்ந்தபோது வண்டிகள் புறப்படுகிற பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

உன் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். "ஒரு வருஷமா இத தனியாவா சுமந்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். மறுநாள் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு அவளும் என்னோடு முற்றத்துக்கு வந்துவிட்டாள். காவலர் வரிசையில் மூன்றாவதாக வருகிறார்.

இப்போது சொல். உனக்கு என்ன யோக்கியதை இல்லை?

மாப்பிள்ளை


ஜூலை 3

மாப்பிள்ளை,

எங்களுக்கும் வருஷம் ஒருமுறை அதே மாதிரி படிவம் உண்டு. உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு. தலைசுற்றல், மயக்கம், பார்வைக் கோளாறு, ஆம், இல்லை. நான் ஒன்பது வருஷமாக இல்லை என்று போட்டுவருகிறேன். கிறுகிறுப்பு இந்த வருஷம்தான் வந்தது என்றில்லை, ஒன்பது வருஷமாக இருக்கிறது. ஆம் என்றால் மலையிலிருந்து இறக்கி, அலுவலகத்தில் வரைபடம் மடிக்க வைத்துவிடுவார்கள். நீ கேட்டபோது, உண்மையை எழுது என்று சொல்ல எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? பொய் எழுது என்றும் உன்னிடம் சொல்ல முடியவில்லை.

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். சமையல்காரர் பார்த்துவிட்டார், வெங்காயம் என்றேன். "நீங்க எங்க சார் வெங்காயம் உரிச்சீங்க" என்றார். லாரியோடு வந்திருந்த மருத்துவரிடம் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. அவர் இரண்டாம் தடவையும் காற்றடித்துப் பார்த்தார். அதேதான். இதே லாரியில் உட்கார்ந்து இறங்கச் சொல்லிவிட்டார். பெட்டி கட்டியாயிற்று. கீழே ஊர் வந்ததும் இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரி. எப்படியும் இரண்டு மூன்று நாள் வைத்திருப்பார்கள். அதற்கப்புறம் உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன். எனக்கும் அதே தட்டு போதும் என்று தங்கச்சியிடம் சொல். மற்றதையும் நீயே சொல்லிவிடு, எனக்குத் தைரியம் இல்லை.

படிவத்தைப் புதிதாக வாங்கி எழுதினேன். ஆம் என்று கோடு போட்டேன். அதற்குக் கீழே, "முன்பு தெரிவிக்காததற்குக் காரணம்" என்று ஒரு வரி காலியாக விட்டிருக்கிறார்கள். பயம் என்று எழுதினேன். பக்கத்திலேயே, இப்போது தெரிவிப்பதற்குக் காரணம் என்று அவர்கள் கேட்காததையும் எழுதிவிட்டேன்: என் மாப்பிள்ளை.

மச்சான்